மேட்டிலிருந்து கடலுக்கு ஒரு பாதை

 

பூமியெங்கும் பயணம் செய்து, கண்டதைக் கொண்டு சிந்திக்குமாறு இறைமறை நம்மைப் பல இடங்களில் தூண்டுகிறது. பயணம் என்றவுடன் நம் இல்லங்களில் ஹஜ், உம்ராவும், பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் கதைகளும்தாம் நினைவுக்கு வரும். நான் இங்கே கூறப் போவது மிகச் சிறிய பயணம். குயிலாப்பாளையம் என்னும் மேட்டு ஊரில் தொடங்கி, கிழக்கே மூன்று கிலோமீட்டர் இறங்கி, கடலோரத்தில் முடிந்துவிட்ட பயணம். ஆனால் அந்தச் சிறிய தொலைவில் ஒரு பெரிய கேள்வி என் முன் வைக்கப்பட்டது. அதை உங்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்ற ஷஅபான் மாதத்தில், கோட்டக்குப்பத்தில் நடைபெற்ற ஒரு மதரஸாவின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், புதுச்சேரியின் வடக்குத் தோளில் சாய்ந்தாற்போல் அமைந்த ஊர் கோட்டக்குப்பம். 2021ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தது. ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும் தெருக்கள், வீட்டுக்கொருவர் வெளிநாட்டில். இந்தக் கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் சைகோன் வரை வணிகம் செய்தவர்கள். அந்நகரில் 1935இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது.

விழா முடிந்த இரவு, என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தார். குயிலாப்பாளையத்தில் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். சிறிது தயங்கிவிட்டு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

அவருடைய பாட்டனார் கடலோரத்தில் முப்பது சென்ட் சவுக்குத் தோப்பு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். தந்தை மறைந்தபின் அது தாயாருக்கும், இரண்டு மகன்களுக்கும், ஒரு மகளுக்கும் உரியதாயிற்று. இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே விருந்தினர் விடுதி கட்ட விரும்பி நல்ல விலை பேசியிருக்கிறார். தோப்பின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கடலுக்குப் போய்வரும் பாதை அது. வாங்குகிறவர் அந்தப் பாதையை அடைத்து, நாற்புறமும் சுவர் எழுப்ப வேண்டுமென்கிறார். பாதையை அடைத்துத் தந்தால் ஒரு விலை; பாதையோடு என்றால் அதில் கால் பங்கு குறையும்.

"நிலம் எங்களது. பத்திரத்தில் பாதை என்று ஒரு சொல்லும் இல்லை. அடைத்துக் கொடுத்து வாங்கும் பணம் ஹலால்தானே, ஹஜ்ரத்?"

பார்க்காத நிலத்துக்குப் பதில் சொல்வது எப்படி? "நாளை இடத்தைக் காட்டும், பிறகு பேசலாம்" என்றேன்.

மேட்டு ஊர்

மறுநாள் காலை முதலில் அவருடைய கடைக்குப் போனோம். குயிலாப்பாளையம் மீனவ ஊர் அன்று. செம்மண் மேட்டில் அமைந்த வேளாண்மை ஊர். ஆயினும் கீழேயுள்ள கடற்கரை ஏன் மாறியது என்பதை அறிய, மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், இந்த மேட்டில் ஆரோவில் என்னும் நகரத்துக்குத் தொடக்க விழா நடந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'அன்னை' என அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாஸாவின் எண்ணத்தில் உருவான நகரம் அது. 124 நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண் ஒரு தாழியில் இடப்பட்டது. 1988இல் நாடாளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நடுவிலுள்ள பொன்னிறக் கோளத்தின் பணிகள் 2008இல் நிறைவடைந்தன. இன்று ஏறத்தாழ அறுபது நாட்டு மக்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களைப் பார்க்கவும், அந்தக் கோளத்தைப் பார்க்கவும் நாள்தோறும் மக்கள் வந்தவண்ணம் இருக்கின்றனர். அந்த வழியின் வாயிலில் அமைந்துவிட்ட ஊர் குயிலாப்பாளையம்.

அதன் முதன்மைத் தெருவில் நடந்து பாருங்கள். ரொட்டிக்கடை, காபிக்கடை, தோல்பை விற்கும் கடை, யோகப் பயிற்சிக்கு அழைக்கும் பலகை, அறை வாடகைக்கு என்னும் அறிவிப்பு. பலகைகளில் ஆங்கிலமே மிகுதி. தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும். இடையிடையே பழைய திண்ணை வீடு ஒன்று, வாசலில் ஆடு கட்டியபடி, இந்தச் சந்தடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இறைக் கோட்பாட்டில் நமக்கும் ஆரோவில்லாருக்கும் வேறுபாடு உண்டு. அதற்காக நல்லதை நல்லதென்று சொல்லாமல் விடுவது நீதியன்று. அவர்கள் வந்தபோது இந்த மேடு மரமற்ற பொட்டலாய்க் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து, ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு கடலில் போய்க் கலந்தது. வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, இந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டு, பொட்டலைக் காடாக்கினார்கள். மரம் நடுவதைத் தர்மமாகக் கணக்கிடும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

தேநீர்க் கடையில் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அப்போ இங்க மல்லாட்டையும் வரகும் கேழ்வரகும்தான் பாய். கீழ சாவடியிலருந்து மீன்காரம்மாங்க கூடையோட மேடேறி வருவாங்க. காசு ஏது? மீனுக்கு மல்லாட்டை அளந்து போடுவோம். எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு அவங்க வருவாங்க, அவங்க வூட்டுச் சாவுக்கு நாங்க போவோம்" என்றார். பிறகு தெருவைச் சுட்டிக் காட்டி, "இப்போ மீனு ஐஸ் பெட்டியில வருது. யாரு புடிச்ச மீனுன்னு தெரியாது" என்றார்.

மேட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு பாதை இருந்தது. அதில் மீன் ஏறியது, தானியம் இறங்கியது. இன்று அதே பாதையில் ஸ்கூட்டர்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. ஆனால் மேட்டாரும் கரையாரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியார்.

கரையில் ஒரு பழைய நினைவு

மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை குறுக்கிடும். அதைத் தாண்டினால் கடல். புதுச்சேரியிலிருந்து வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர்கள் வரிசையாய் நிற்கின்றன. இடையிடையே புதுச்சேரியின் எல்லையும் தமிழகத்தின் எல்லையும் மாறி மாறி வரும்.

இந்தக் கரை எனக்குப் புதிதன்று. 1990களின் நடுப்பகுதியில், நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது, எங்கள் உஸ்தாது எங்களை இங்கே அழைத்து வந்தார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும். அகன்ற மணல்வெளியில் பந்தயம் வைத்து ஓடினோம். ஓடிய வேகத்தில் மணலில் பரப்பிக் காயவைத்திருந்த நெத்திலி மீனைச் செருப்புக் காலால் மிதித்துவிட்டேன். அருகிலிருந்த ஒரு பெண்மணி திட்டவில்லை. "பாத்துப் போ தம்பி, அது எங்க சோத்துத் தட்டு" என்று மட்டும் சொன்னார். உஸ்தாது என்னை அழைத்து, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் செய்து, மிதிபட்ட மீனுக்குத் தம் பையிலிருந்து காசும் கொடுத்தார்.

மணல் என்பது விளையாடும் இடம் என்று எண்ணியிருந்த எனக்கு, அது தொழிற்கூடம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆம் வாசகர்களே! கட்டுமரத்தைக் கரையேற்றவும், மரங்களைப் பிரித்து உலர்த்தவும், வலையை விரித்துப் பொத்தல் அடைக்கவும், மீனை ஏலம் விடவும், விற்காததைக் கருவாடாக்கவும், ஊர்ப் பஞ்சாயத்துக் கூடவும் மணல்தான் இடம். அதற்குப் பட்டா கிடையாது, வேலியும் கிடையாது. எவருக்கும் தனியே சொந்தமாகாமல் எல்லாருக்கும் பயன்பட்டதே அதன் சிறப்பு. வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் மிதந்த கட்டுமரத்தை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் விவரித்தார். அத்தமிழ்ச் சொல் ஐரோப்பிய மொழிகளிலும் ஏறிவிட்டது. இன்று உலகின் பணக்காரர்கள் இரட்டை உடல் கொண்ட ஆடம்பரப் படகுகளை அப்பெயரால் அழைக்கின்றனர். இங்கேயோ 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணமாகக் கிடைத்த ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது.

அந்த அகன்ற மணலைத்தான் இம்முறை தேடினேன். பல இடங்களில் அது இல்லை. கருங்கற்கள் கிடந்தன. கற்களில் அலை மோதிக்கொண்டிருந்தது.

மணல் எங்கே போயிற்று?

இதை நாம் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஆற்றைப் போல அதுவும் நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்து, மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கிறது. ஒரு கரை இழப்பதை, தெற்கேயிருந்து வரும் மணல் ஈடுசெய்துவிடும். இது படைத்தவன் வகுத்த ஏற்பாடு.

1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கருங்கல் தடுப்புகள் நீட்டப்பட்டன. வடக்கே போகவேண்டிய மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கிற்று. வடக்குக் கரை பட்டினி கிடந்தது. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. புதுச்சேரி நகரக் கடற்கரையின் மணல் மறைந்து, அங்கே கற்சுவர் வந்தது. கற்சுவரிட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கே கல் போட்டால் அதற்கடுத்த ஊரில் அரிப்பு. இவ்வாறு ஊர் ஊராய் நகர்ந்து, தந்திராயன்குப்பத்தையும் முதலியார்சாவடியையும் பொம்மையார்பாளையத்தையும் எட்டிற்று. வீடுகளும் தென்னைகளும் கடலில் சரிந்தன. மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை மறித்துப் போராடியதும் உண்டு. அரசு சில இடங்களில் 'தூண்டில் வளைவு' எனப்படும் கற்கரங்களைக் கடலுக்குள் அமைத்தது. அவை ஒரு பக்கம் மணலைச் சேர்த்து, மறுபக்கம் அரிப்பைத் தருகின்றன. புதுச்சேரி நகரின் கடற்கரையில், கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்து, 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணலை ஓரளவு மீட்டார்கள். வடக்கேயுள்ள குப்பங்களுக்கு அப்படியொரு மீட்சி வரவில்லை. துறைமுகம் ஓர் அரசின் எல்லையில். இழந்த கரைகளில் பல மற்றோர் அரசின் எல்லையில். கடலோ எந்த எல்லையையும் அறியாது.

மனிதக் கரங்களின் செயலால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுகிறது என்னும் கருத்தை 'ரூம்' அத்தியாயத்தில் ஓதியிருக்கிறோம். அதன் விளக்கத்தை அந்தக் கருங்கற்களின்மேல் நின்று கண்டேன்.

இருபுறமும் நெருக்கம்

கிழக்கிலிருந்து கடல் நெருங்கிக்கொண்டிருக்கும்போதே, மேற்கிலிருந்து மற்றொன்று நெருங்கியது. அது சுற்றுலா. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைந்ததும், சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றாயிற்று. வார இறுதியில் பெங்களூரிலிருந்தும் கார்கள் வருகின்றன. சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் விடுதிகளாயின. தந்திராயன்குப்பத்துக் கரைக்கு 'செரினிட்டி பீச்' என்று பெயர் வைத்தார்கள். அமைதிக் கடற்கரை என்று பொருள். சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே போய்ப் பார்த்தால், பெயர் ஒன்று, இயல்பு வேறொன்று என்பது விளங்கும்.

கடலோரத்தைக் காக்க 1991 பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஊரகக் கடற்கரையில், கடல்நீர் ஏறி எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்றது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் அந்த 200ஐ 50ஆகக் குறைக்க வழிவிட்டது. கட்டட உரிமையாளருக்கு அது ஆதாயம். மீனவருக்கோ? கடல் உள்ளே வரவர, அந்தக் கோடும் உள்ளே வருகிறது. நேற்று மணலுக்குப் பின்னால் இருந்த அவர் வீடு இன்று கோட்டின்மேல் நிற்கிறது. பின்னால் நகரலாமென்றால், பின்னால் விடுதியின் மதில்.

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது சாட்சியத்தில் குறை வைத்ததாகும். அலைச்சறுக்குப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மீனவ இளைஞரிடம் பேசினேன். "கடலுக்குப் போனா ஒரு நாளு வரும், ஒரு நாளு டீசல் காசுகூடத் தேறாது பாய். பலகை கத்துக் கொடுத்தா அன்னன்னிக்குக் கூலி. எங்க அப்பாவுக்கு மொதல்ல புடிக்கல. இப்போ தங்கச்சி காலேஜ் பீசு இதுலதான் கட்டுறோம்" என்றார். பிறந்தது முதல் அலையோடு பழகிய உடல். பலகை அவருக்குக் கட்டுமரத்தின் தம்பி. வெளியூரிலிருந்து வந்து, நீரோட்டம் அறியாமல் இறங்கி, சுழலில் சிக்குகிறவர்களைக் காக்கக் குதிப்பவர்களும் இத்தகைய இளைஞர்கள்தாம். ஆகவே, சுற்றுலா வரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வருகிறவர்களுக்கு இடம் கொடுத்தவர், தம் இடத்தை இழக்கலாமா என்பதே கேள்வி.

தோப்பின் நடுவே

பிற்பகலில் மாணவரின் தோப்பை அடைந்தோம். சவுக்கு இலைகள் மெத்தையாய்ப் படிந்த தரையில், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாதை ஒன்று வளைந்து சென்றது. எத்தனை ஆயிரம் காலடிகள் பட்டனவோ, சுற்றிலுமுள்ள தரையைவிட ஒரு சாண் பள்ளமாக இருந்தது.

தலையில் ஈரக் கூடையோடு வந்த ஒரு மூதாட்டி எங்களைக் கண்டு நின்றார். "என்னா பாய், அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். மாணவர் தலைகுனிந்தார். அவர் யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"உங்க பாட்டனார் இருந்த காலத்துல, நெழல்ல ஒக்காந்துட்டுப் போம்மான்னு சொல்வாரு. இப்போ செவுரு வருதாமே? வரட்டும், உங்க நெலம். நாங்க ரோட்டைச் சுத்திக்கிட்டுத்தான் போவணும். காத்தால நாலு மணி இருட்டுல அந்த ரோட்டுல காரு பறக்குது. போன வருசம் ஒருத்தி அடிபட்டுக் காலு ஒடைஞ்சு கெடக்கா. அதான் யோசிக்கிறேன்." இவ்வளவுதான் சொன்னார். கூடையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பள்ளத்தில் இறங்கி நடந்தார்.

அஸருக்கு நேரமாயிற்று. தோப்பிலேயே விரிப்பை விரித்து, நாங்கள் இருவரும் ஜமாஅத்தாகத் தொழுதோம். தொழுகைக்குப் பின் மாணவர் எதுவும் கேட்கவில்லை. நானே பேசினேன்.

இரண்டு ஊர்களின் கதை

முதலில் அவருக்கு இரண்டு ஊர்களைப் பற்றிச் சொன்னேன். ஒன்று, சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்ஹா என மக்கள் போற்றும் அடக்கத்தலம் உள்ள ஊர். அது பழைய மீனவ ஊரும்கூட. அங்கே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் என்பவர் அலைச்சறுக்கைக் கற்று, பள்ளி தொடங்கி, அவ்வூர் இளைஞர் பலரைப் பயிற்றுநர்களாக்கினார். 2021இல் அக்கடற்கரைக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. ஊர் மக்களே முன்னின்றால், வருகின்ற மாற்றத்தில் ஒரு பங்கையாவது தம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சான்று.

மற்றொன்று இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில்லை அடுத்த அறுகம்பை. தமிழ் பேசும் நம் முஸ்லிம் சகோதரர்கள் மீன்பிடித்து வாழும் ஊர். உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு விளையாட வருகின்ற இடம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அந்நாட்டு அரசு விதித்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு அவ்விதியில் விலக்கு அளித்தார்கள். மீனவருக்கு ஆபத்தான கடல், விருந்தினருக்கு மட்டும் ஆபத்தில்லாததாயிற்று! மக்கள் எதிர்த்தார்கள்; பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் நம் சமுதாயத்தினர் என்பதால் நம் உள்ளம் துடிக்கிறது. இங்கே பாதிக்கப்படுகிறவர் வேறு சமயத்தவர். நிலத்தை விற்கிறவர் நம்மவர். நீதியின் அளவுகோல் மாறிவிடுமா?

ஏழைகளின் கப்பல்

'கஹ்ஃபு' அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். அதில் மூஸா (அலை) அவர்களும் ஹிழ்று (அலை) அவர்களும் ஏறிச் சென்ற கப்பலை நினைவுகூருங்கள். ஹிழ்று (அலை) அதில் ஒரு பழுதை உண்டாக்கினார்கள். ஏறிவந்தவர்களை மூழ்கடிக்கவா என்று மூஸா (அலை) பதறினார்கள். பின்னர் காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் கப்பல் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுடையது. அவர்களுக்கு முன்னால், நல்ல கப்பல்களையெல்லாம் அபகரிக்கும் அரசன் ஒருவன் இருந்தான். பழுதுள்ளதை அவன் விட்டுவிடுவான் என்பதற்காகவே அந்தப் பழுது.

"இதை எத்தனை முறை எம்மிடம் ஓதிக் காட்டியிருக்கிறீர்!" என்று மாணவரிடம் சொன்னேன். "கடலில் உழைக்கும் ஏழைகளின் பிழைப்பு காக்கப்பட்ட செய்தியை அல்லாஹ் தன் மறையில் பதித்து வைத்திருக்கிறான். உமது தோப்பின் நடுவே ஓடும் அந்தப் பாதை, நிலத்தின் பார்வையில் ஒரு பழுது. விலையைக் கால் பங்கு குறைக்கும் பழுது. அந்தப் பழுதுதான் ஓர் ஊரின் பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது."

பிறகு சட்டத்துக்கு வந்தேன். நான் முஃப்தி அல்லன்; ஓதிக் கொடுப்பவன். முடிவான தீர்ப்பை அதற்குரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு, கிதாபுகளில் உள்ள மூன்று செய்திகளை நினைவூட்டினேன். ஒன்று, பிறர் நிலத்தின் வழியே நடந்து செல்லும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'ஹக்குல் முரூர்' என்று தனியே பேசுகின்றன. இரண்டு, தொன்றுதொட்டு நடந்துவருவதை, அதில் தீங்கு இல்லாதவரை, இருந்தபடியே விட்டுவிட வேண்டும் என்பது ஃபிக்ஹின் பொது விதிகளுள் ஒன்று. மூன்று, நிலத்தை விற்கும்போது 'ஷுஃப்ஆ' என்னும் முன்னுரிமை. ஷாஃபி மத்ஹபில் அது கூட்டுப் பங்காளிக்கு மட்டும். ஹனஃபி மத்ஹபில் அண்டை நிலத்தாருக்கும் உண்டு. நிலத்தை விற்கும்போதுகூட அண்டை வீட்டாரை மறவாதீர் என்னும் பண்பு அதில் அடங்கியிருக்கிறது.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழிக்கு உரிமை உண்டாகும் என்கிறது. பத்திரத்தில் எழுதவில்லை என்பதால் பாதை இல்லையென்று ஆகிவிடாது.

"ஆகவே, விற்பது உமது உரிமை, தாராளமாக விற்கலாம். பாதையை எழுதி விற்பீராக! குறைகின்ற கால் பங்கை இழப்பு என்று எண்ணாதீர். அது ஆதியிலிருந்தே உமது பங்கில் இல்லாதது" என்று முடித்தேன்.

மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "தம்பிக்குக் கடன் இருக்கிறது, ஹஜ்ரத். அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை" என்றார். அந்தச் சொல்லில் இருந்த பாரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. மஸ்அலா சொல்வது எளிது; கால் பங்கை விடுவது கடினம்.

நமக்கு உரிய பாடம்

வாசக நேயர்களே! கடலோரத்தில் நிலம் வைத்திருப்போர் உங்களில் சிலரே இருக்கலாம். ஆனால் விடுமுறைக்குக் கடற்கரை போகாத குடும்பம் ஏது? பெருநாளுக்கு மறுநாள் பிரியாணிப் பொட்டலங்களோடு நாம் போய் இறங்கும் மணல், யாரோ ஒருவருடைய தொழிற்கூடம். உலரும் வலையின்மேல் உட்காராதிருப்போம். பொட்டலக் காகிதத்தையும் நெகிழிப் பையையும் திரும்ப எடுத்து வருவோம். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவிட்டு, நாமே வழியில் இடையூறு போடலாமா? மீன் வாங்கும்போது, கரையில் கூடை வைத்து அமர்ந்திருக்கும் பெண்மணியிடம் ஒரு முறையேனும் வாங்குவோம். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அடுத்த கடையில் காபிக்கு இருநூறு ரூபாயைக் கேள்வியின்றிக் கொடுக்கும் வழக்கத்தையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ரமலான் கழிந்து சில நாள்களில் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். குடும்பம் கூடிப் பேசியதாம். தம்பி முதலில் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். சகோதரிதான், தம் பங்கிலிருந்து தம்பியின் கடனுக்குச் சிறிது விட்டுத் தருவதாகவும், பாதையை அடைக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். நிலத்தை வாங்குபவரும் பேசிப் பார்த்தபின் இசைந்துவிட்டார். தெற்கு ஓரமாக எட்டடி அகலத்துக்குப் பாதை விட்டு, அதைப் பத்திரத்திலும் வரைபடத்திலும் எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

எட்டடிப் பாதையால் அந்தக் குப்பம் பிழைத்துவிடும் என்று நான் கூறவில்லை. கடல் இன்னும் நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தடுக்கும் பொறுப்பு அரசுகளுடையது. அதை அவை செய்யவேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு, ஈரக் கூடையோடு ஒரு மூதாட்டி நெடுஞ்சாலையைச் சுற்றாமல் கடலுக்குப் போய் வருகிறார். நம் கையிலிருந்தது அவ்வளவுதான், அது செய்யப்பட்டது. உங்கள் கையில் இருப்பது எது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அண்டை அயலாரின் உரிமையைப் பேணி வாழும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.